இடது கால் முடிச்சு

விடுமுறைக்கு வந்த இடத்தில் என் தங்கை அலைச்சறுக்கு பழகினாள். நீச்சல் தெரியாத நான் கரையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரோடு டீ குடித்தேன்.

பலகையையும் காலையும் இணைக்கும் கயிற்றை மாஸ்டரே குனிந்து கட்டிவிடுவார், எப்போதும் வலது காலில். அந்த முடிச்சு அவருக்கும் அவர் அண்ணனுக்கும் மட்டும்தான் வரும். அண்ணன் கடலோடு போனதிலிருந்து மாஸ்டர் கடலுக்கு முதுகைக் காட்டியதில்லை. என்னோடு பேசும்போதும் கண் அங்கேயேதான் இருக்கும்.

திடீரென்று ஒரு பெரிய அலை தங்கையைக் கவிழ்த்தது. மாஸ்டர் டம்ளரை மணலில் வைத்துவிட்டு ஓடினார். அவர் கால் நனைவதற்குள் அவள் பலகைமேல் குப்புறப் படுத்தபடி கரைக்கே வந்துவிட்டாள்.

"கயிறு அவுந்துபோச்சு மாஸ்டர். நல்லவேளை, தண்ணிக்குள்ள பின்னாடியே வந்து கட்டிவிட்டீங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அதே முடிச்சு, இடது காலில்.

"அண்ணன்தான் இந்தக் கால்ல கட்டுவான். எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டான்" என்றார். முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை.

தங்கை மறுபடியும் அலைக்குள் போனாள். மாஸ்டர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆறிப்போன டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.