தேவைக்கேற்ற திட்டம்

இப்போது யாரும் டேட்டா திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. போன மாதப் பயன்பாட்டைப் பார்த்து நிறுவனமே கொடுத்துவிடும். இந்த மாதம் சபுராவுக்கு வீடியோ கிடையாது.

"போன மாசம் ஒரு தடவைகூட வீடியோல பேசலியேம்மா," என்றான் சேவை மையத்து இளைஞன்.

"அவரு குவைத்துலேருந்து வந்து வீட்லதானே இருந்தாரு!"

"ஒரு மாசம் வீடியோல பேசுங்க. தானா வந்துடும்."

"இல்லாத வீடியோல எப்படித் தம்பி பேசுறது?"

"வாய்ஸ் அளவில்லாம இருக்கே."

"எம்மவளுக்குக் காது கேக்காது. வாப்பாகிட்ட கையாலதான் பேசுவா."

மாலையில் குவைத்துக்குத் திரும்பிவிட்ட கணவன் அழைத்தான். ஐந்து வயது ஹஸீனா போனைப் பிடுங்கி ஜன்னலில் சாய்த்துவைத்தாள். உம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகவேகமாக விரல்களை அசைத்தாள்.

"புள்ள என்ன சொல்லுது?" என்று ஸ்பீக்கரில் கேட்டான்.

"தெரியல மச்சான். எனக்குக் காட்டாமத் திரும்பி நிக்கிறா."