கூடாரத்து ஆணிகள்

மலையேற்றப் பித்துப் பிடித்த செங்கோடன் அமெரிக்கா வந்ததும் முதலில் வாங்கியது ஒரு கூடாரம். மலைப்பக்கமாகவே வேலை தேடினான்; விசா கொடுத்த கம்பெனிகளோ சமவெளியில்தான் இருந்தன. ஒவ்வொரு புது ஊரிலும் சாமான் லாரி வந்து சேரும்வரை, காலி அப்பார்ட்மென்டின் கார்ப்பெட் ஒட்டிய ஹாலில் கூடாரத்தை நிறுத்தி, அதற்குள் அவனும் மனைவி வசந்தாமணியும் படுத்துக்கொண்டார்கள். “ஏனுங்க, அடுத்த ஊர்லயாச்சும் மலை இருக்குங்களா?” என்பாள். இப்படியே ஆறு ஊர்கள், ஆறு கார்ப்பெட்டுகள். பதினாறாம் வருடம் கிரீன் கார்டு வந்தது. இனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றானதும் மலையடிவாரத்தில் வீடு பிடித்தார்கள். முதல் சனிக்கிழமையே, முட்டிவலியோடு மேலே ஏறி, ஏரிக்கரையில் கூடாரத்தை நிறுத்தினார்கள். காற்று அதை அப்படியே தூக்கியது. எட்டிப் பிடித்துக்கொண்டு, “தரையில அடிக்கிற ஆணியெல்லாம் எங்க?” என்று கத்தினான். “கார்ப்பெட்டுக்கு எதுக்கு ஆணின்னு மூணாவது ஊர்லயே நீங்கதானுங்களே குப்பையில போட்டீங்க.” அவன் ஒரு மூலையின் மேல் உட்கார்ந்தான். எதிர்மூலையில் அவள் உட்கார்ந்தாள். நடுவில், உள்ளே யாருமில்லாமல், கூடாரம் உப்பி உப்பித் தணிந்தது. “எந்திரிச்சிராதீங்க” என்றாள் வசந்தாமணி.