ஏழாவது காவல் அறை

போர் நெருங்கியபோது கடற்கரையில் தரைப்படைக்காக மேஸ்திரி கட்டிக் கொடுத்த காவல் அறைகள் ஆறுதான். கடற்படையின் வரைபடத்திலோ ஏழு இருந்தன. இரண்டு படை அதிகாரிகளும் மேஸ்திரியையும் கூப்பிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்த அன்றுதான் அது தெரிய வந்தது.

"ஏழாவதுலேருந்து தினமும் காலைல போன் வருதே, கடல் அமைதியா இருக்குன்னு," என்றார் கடற்படை அதிகாரி.

"அங்க வெறும் மணலுங்க. நண்டுதான் பேசியிருக்கும்," என்றார் மேஸ்திரி.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையை நம்பி, கடற்படை தன் படகுகளை வேறு பக்கம் அனுப்பியிருந்தது. எதிரி இறங்கினால் அந்த இடைவெளியில்தான் இறங்குவான். அதற்குப் பின்னால் முதல் தெருவில் மேஸ்திரியின் மகள் நிறைமாதமாக இருந்தாள்.

"இருட்டுறதுக்குள்ள கட்டிட முடியுமா?" என்றார் கடற்படை அதிகாரி.

"முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க."

மைத்துனனையும் ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"மாமா, முதுகு போச்சு!"

"முதுகுக்கு வைத்தியம் இருக்கு மச்சான். கல்லைத் தூக்கு."

பொழுது சாயும்போது சுவர் நின்றது, கூரை ஏறியது. தரைக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டே மேஸ்திரி பின்பக்கமாக நகர்ந்து, இருந்த ஒரே வாசல் வழியாக வெளியே வந்தார். சிப்பாய்கள் துப்பாக்கிகளோடு வந்து வாசலில் காத்திருந்தார்கள். கடற்படை அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இப்பதான் ஏழாவதுலேருந்து பேசினாங்க. ஆள் வந்தாச்சு, நாங்க கிளம்புறோம்னு."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். யாரும் கால் வைக்காத ஈரத் தரையில், நடு அறையில் தொடங்கிய பூட்ஸ் தடங்கள், கடலைப் பார்த்த சுவர்வரை போயிருந்தன.

மைத்துனன் தடங்களை அழிக்கப் பூச்சுக் கரண்டியை எடுத்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்தார்.

"விடு மச்சான். அப்படியே காயட்டும்."