கட்டிலடியில் ஒரு பயந்தாங்கொள்ளி

“நம்பினா நம்பு அக்கா. உன் பூனை என் நாயை ஒரே அடியில அழ வச்சிடுச்சு. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டினதை நானே பார்த்தேன்.”

சாத்திய கதவுக்கு வெளியே நின்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, வந்த கோபத்தில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற தம்பிக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பேர் ‘அளப்பு’. மலைப்பாதையில் பிரேக் அறுந்த லாரியைச் செருப்பை முட்டுக்கொடுத்தே நிறுத்தியவர். அந்தச் செருப்பு எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் சொல்லும் பூனையோ, காலண்டர் தாள் காற்றில் ஆடினால்கூடக் கட்டிலுக்கு அடியில் பாய்கிற ஜென்மம். தெருக்கோடியில் யாராவது தும்மினால் இங்கே அதற்குச் சோறு இறங்காது. வருஷக்கணக்காகப் பாலும் மீனும் வைத்து வளர்க்கிற அக்காவின் விரலைக்கூட அது ஒரு நாளும் தன்மேல் படவிட்டதில்லை.

நாய் கன்றுக்குட்டி உயரம். நாய்கள் காப்பகத்திலிருந்து தம்பி அதைக் கூட்டி வந்தபோது அக்கா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கீழே பாத்திரங்கள் உருண்ட சத்தத்தில் வீடே இடிந்துவிட்டது என்று பதறி இறங்கினார். தன் அறைக்குள் அவர் நுழையும்போதே கட்டிலுக்கு அடியில் துணிமூட்டைகள் சரிவது கேட்டது. பாவம், செல்லம் பதுங்கிவிட்டது. படாரென்று கதவைச் சாத்தினார்.

“ஒரு வாரம் ரெண்டையும் தனித்தனி ரூம்ல வைங்க, முதல்ல வாசனை பழகட்டும்னு காப்பகத்துப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சுல்ல? நீ என்னடா பண்ணின? மந்திரியை வரவேற்கிற மாதிரி நேரா கூடத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்க.”

“தப்புதான். கயிறு கை நழுவிடுச்சு. ஆனா அக்கா, அது இப்ப எங்க இருக்குன்னா…”

அக்கா மெஷினை ஓங்கி மிதித்தார். அது கடகடவென்று ஓடி மீதிப் பேச்சை விழுங்கிவிட்டது.

மெஷின் நின்றதும் தம்பி மறுபடி ஆரம்பித்தார். “ஏற்கெனவே ரெண்டு வீட்டுல அதை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீயும் அனுப்பினா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க.”

“அனுப்பத்தான் போறேன். போன் பண்ணிட்டேன், வேன் வந்துட்டிருக்கு. அதோட நாத்தம் கதவிடுக்குல நுழைஞ்சு என் ரூம் வரைக்கும் வந்துடுச்சு. இங்க பிள்ளை நடுங்குற நடுக்கத்துல கட்டிலே ஆடுது, தெரியுமா உனக்கு?”

உண்மைதான். கட்டில் தட் தட் என்று சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அக்கா குரல் கொடுத்தால் இன்னும் வேகமாக மோதியது.

முட்டிவலியால் அவருக்குக் குனிய முடியாது. மீன் வைத்த தட்டைத் துடைப்பத்தால் கட்டில் விரிப்புக்குக் கீழே தள்ளினார். கண்மூடித் திறப்பதற்குள் அது கழுவித் துடைத்த மாதிரி வெளியே வந்தது. பயத்தில் பிள்ளைக்குப் பசி கிளம்பிவிட்டது போலும்.

பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எத்தனையோ நாள் செய்து ஏமாந்ததுபோல, கையைக் கீழே தொங்கவிட்டார். இன்று ஒரு நாக்கு வந்து அந்தக் கையை நக்கியது. மணிக்கட்டு வரை நனைந்தது.

அக்கா கையை எடுக்காமல் அப்படியே கட்டிலுக்குக் கீழே குரல் கொடுத்தார். “இப்பவாவது அம்மா யாருன்னு தெரிஞ்சுதா? இனி உன்னை யார்கிட்டயும் விட மாட்டேன்டி. எந்த நாய் வருதுன்னு பார்த்துடறேன்.”

வாசலில் காப்பகத்து வேன் வந்து நின்றது. அக்கா கதவைத் திறந்து வந்த வேகத்தில், லாரியையே நிறுத்திய தம்பி சுவரோரம் ஒதுங்கினார்.

“எல்லாரும் சேர்ந்து ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பார்க்கறீங்களா? அந்த நாய் அவன் ரூம்லதான் இருக்கும். இழுத்துட்டுப் போம்மா.”

“கொஞ்ச நாள் குடுத்தா பழகிடும் பெரியம்மா…” என்றாள் காப்பகத்துப் பெண்.

“பழகின வரைக்கும் போதும்.”

காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தம்பிக்கும் கோபம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார்.

கயிற்றோடு உள்ளே போன பெண், வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தாள். “அங்க நாய் இல்லையே பெரியம்மா. நாய்க்கு வாங்கின புது மெத்தையில ஒரு பூனைதான் மல்லாந்து படுத்திருக்கு. வயித்தைத் தடவினேன், சுகமா குர்குர்ருங்குது.”

அக்கா எட்டிப் பார்த்தார். வீட்டையே சுருட்டிப் பட்டா போட்டுக்கொண்ட மகாராணி மாதிரி, நாலு காலையும் பரப்பிக்கொண்டு அவருடைய செல்லம் கிடந்தது. அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பின்னால், அவர் அறைக்குள், கட்டில் தட் தட் என்று சுவரில் மோதியது.

அக்கா இன்னும் ஈரம் காயாத தன் கையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

“அவன் சொன்னது நிஜம்தாம்மா. நாய் என்கிட்டதான் இருக்கு, இங்கயே இருக்கட்டும். வேன் சும்மா போக வேண்டாம்… அந்தப் பூனையை ஏத்திட்டுப் போ.”