பூந்தொட்டியில் நட்ட உணர்கோல்

மதகுகளைத் திறக்கும் அதிகாரம் மனிதர்களிடமிருந்து வயலில் நட்ட, மண்ணின் ஈரம் அளக்கும் உணர்கோல்களுக்குப் போய்விட்ட காலம். மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டால்தான் தண்ணீர் வரும். அப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, ஒற்றை நாற்று நட்டு மகிழினி வளர்த்த நெல், அறுப்புக்கு முற்றிக் கனத்து நின்றது.

அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கோ வயலில் தண்ணீர் தளும்ப வேண்டும். ஊரில் இப்போது அதுதான் அந்தஸ்து. அப்பா யுகேந்திரன் உணர்கோலைப் பிடுங்கி, காய்ந்த மண் நிரப்பிய பூந்தொட்டியில் குத்திவைத்தார். ஏமாந்த மதகு இரவும் பகலும் ஊற்றியது.

"அறுக்கப்போற பயிருக்கு யாராச்சும் தண்ணி கட்டுவாங்களாப்பா?"

"கௌரவம்னா என்னன்னு ஒனக்கு எங்க தெரியும்?"

மாப்பிள்ளையின் தகப்பனார் வரப்பில் நின்று, "கடலாட்டம் நிக்குதே சம்பந்தி!" என்று பூரித்தார். அறிவிருந்தால் கதிரைப் பார்த்திருப்பார். அவர் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேரடி மண் குழம்பி, அடுத்து அடித்த காற்றில் பயிர் மொத்தமும் படுத்தது. நெல் கதிரிலேயே முளைவிட்டது.

நிச்சயதார்த்தப் பந்திக்குப் பெண் வீட்டு வயல் அரிசிதான் பொங்க வேண்டும் என்பது முறை. சம்பந்திகள் இலைமுன் உட்கார்ந்தார்கள். மகிழினி வாளியோடு வந்து, ஒவ்வோர் இலையிலும் ஒரு கரண்டி வயல் தண்ணீரை ஊற்றினாள்.

"என்னம்மா இது?" என்று பதறினார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"நீங்க ஆசப்பட்டுப் பாத்ததுதாங்க மாமா. பெசஞ்சு சாப்பிடுங்க."