தம்பி வந்திருக்கிறான்

வட நார்வேயின் லோஃபோட்டன் தீவு. குளிர்கால நண்பகலிலும் ஜன்னலில் நீல இருட்டு. வெளியே காய்கிற காட் மீனின் வாடை. கட்டிலில், பார்வை போன மீனவர் ஆன்ஸ்கர் மூச்சுக்குத் திணறுகிறார். அவர் கையைப் பற்றியபடி தம்பி டோர்லைஃப். ஐம்பது வருடம் ஒஸ்லோ மேடையில் ராஜாவாகவே வாழ்ந்த நடிகர். அண்ணன் போகுமுன் ஒரே ஒரு தடவை ‘வந்துட்டியாடா’ என்று கேட்டால் போதும் அவருக்கு. “அண்ணா, நான் வந்திருக்கிறேன். உங்கள் தம்பி.” கணீரென்ற குரலில் அறையே அதிர்கிறது. ஆன்ஸ்கர் தலையைத் திருப்புகிறார். “போர்கில்ட், பாதிரியார் வந்திருக்காரு பாரு, காப்பி குடு. எந்தம்பி கப்பல் வந்துருச்சா?”

அண்ணி போர்கில்ட் குனிந்து கிசுகிசுக்கிறாள். “நம்ம ஊர்ப் பேச்சுல பேசுங்க தம்பி. மகாராஜா மாதிரி முழங்குனா அவருக்கு எப்படித் தெரியும்?” மேடைக்காகத் தொலைத்த பேச்சை டோர்லைஃப் தேடுகிறார். “அண்ணே... நாந்தாண்ணே... ஒந்தம்பி...” வார்த்தைகள் சரிதான். ஆனால் வருவது, என்றோ மேடையில் அவர் போட்ட மீனவன் வேஷத்தின் குரல். ஆன்ஸ்கர் சிரிக்கிறார், அந்தக் கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுக்கிறார்.

“நல்லா நடிக்கிறீங்க பாதிரியாரே. எந்தம்பியும் நடிகந்தான். இருங்க, அவன் வந்ததும் அறிமுகப்படுத்துறேன்.”