பின் இருக்கையில் மூன்றாவது ஆள்

மோட்டாரின் பின் இருக்கையில் தன்னோடு சேர்த்து மூன்று பேர் இருப்பதாகவே தனக்கொடிக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரிந்தது என்னவோ அவளும் தையலும் மட்டும்தான். ஆனால் அந்த ஆறு வயதுப் பெண் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தைப் பார்த்து அடிக்கடி உதட்டை அசைத்தாள்.

பாகூரை விட்டுக் கிளம்பியதிலிருந்தே இப்படித்தான். பிரெஞ்சு எல்லை முடிகிற இடத்தில் இங்கிலீஷ்காரச் சுங்கச் சேவகர்கள் மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்தபோதும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டிப் புளியமரத்தடியில் கட்டுச்சோறு பிரித்தார்கள். தையல் ஒரு பிடிச் சோற்றை இலையோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.

யாருக்கு என்று தனக்கொடி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும், காசம்மாளுக்கு.

காசம்மாள், தனக்கொடியின் கணவர் சிவப்பிரகாசத்தின் மூத்த மனைவி, தையலைப் பெற்றவள். இரண்டு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் போய்விட்டாள். பிறந்த ஆண் குழந்தையும் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே கொண்டுபோனார்கள். அவள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, மகளோடு பேசிக்கொண்டு திரிகிறாள் என்று வேலைக்காரப் பெண்கள் கிசுகிசுத்ததை, மணமாகி வந்த புதிதில் கேட்டுத் தனக்கொடி சிரித்தாள். தன் வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

அவள் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. தலை வாரிப் பின்னிவிடுவாள். கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். தையல் தலையைக் காட்டுவாள், கையை நீட்டுவாள். பேச்சுக் கொடுத்தால் மட்டும் குனிந்துகொள்வாள்.

மசக்கை தனக்கொடியைப் புரட்டி எடுத்தது. கொஞ்ச நாள் குளிர்ச்சியான இடத்தில் இருந்துவிட்டு வரட்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்ல, சிவப்பிரகாசம் ஏர்க்காட்டில் சிநேகிதர் ஒருவருடைய பங்களாவைக் கேட்டு வாங்கினார். சேலம் தாண்டியதும் டிரைவர் ஆரோக்கியம் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். காசம்மாளும் வயிற்றுப் பிள்ளையோடு இதே பங்களாவில்தான் வந்து தங்கினாளாம். சிவப்பிரகாசம் அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு வண்டிக்குள் தையலின் முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது.

மலைப்பாதையின் வளைவுகளில் தனக்கொடிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரக் கட்டைச் சுவரில் குனிந்து வாந்தி எடுத்தாள். சுவருக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். அப்போது பின்னாலிருந்து யாரோ அவள் முந்தானையைப் பற்றி இழுத்தார்கள்.

தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். தையல்தான். முகம் வெளுத்துப்போய், இரண்டு கையாலும் சேலையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஆனால் அவள் தனக்கொடியைப் பார்க்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த பனியை, தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்களாவுக்குப் போய் அலுப்பில் கண்ணயர்ந்த தனக்கொடி, பொழுது சாய்கையில் விழித்தபோது கால்மாட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண் கொட்டாமல் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "கூட்டிக்கினு" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

தனக்கொடி பதறி எழுந்தாள். கணவரை வெளியே அழைத்துப்போய், இதுவரை மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள்.

"உங்க பொண்ணு கூப்புடுது, அவங்க வராங்க. என் புள்ள தங்காதுங்க, நானும் தங்க மாட்டேன். அத மாமன் வூட்ல உட்டுடுங்க."

தாயில்லாப் பிள்ளையாயிற்றே என்று ஆரம்பித்த சிவப்பிரகாசம், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசியில் சரி என்றார். ஊர் திரும்புகையில் தையலைக் கிருமாம்பாக்கத்து மாமன் வீட்டில் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை தனக்கொடி எழுந்தபோது தையலின் படுக்கை வெறுமையாக இருந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. கணவரை எழுப்ப வாயெடுத்தாள்; அதற்குள் வெளியே குழந்தையின் குரல் சன்னமாகக் கேட்டது. ஏதோ பிடித்துத் தள்ளியதுபோல அந்தக் குரல் வந்த திக்கில் நடந்தாள்.

ஊரே தெரியாதபடி பனி மூடியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதை ஒரு பாறையில் போய் முடிந்தது. அதன் மேல் வெறுங்காலோடு, பள்ளத்தைப் பார்த்து நின்றிருந்தாள் தையல். அவளுக்கு எதிரே, எட்டித் தொடுகிற தூரத்தில், பனி ஓர் ஆள் உயரத்துக்குத் திரண்டு அசையாமல் நின்றது.

தனக்கொடி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு செடி மறைவில் நின்றுவிட்டாள். ஓடிவிடு என்றது மனசு.

தையல் கைகூப்பியிருந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"தம்பிய நீயே வெச்சிக்கம்மா, சின்னம்மாவ எனக்கு உட்டுடு."